குறிப்பு என்ற கட்டம்

காலை ஆறு மணி. கவுஞ்சிக்கு மேலே
எருமைப்பள்ளம் ஓடையின் குறுக்கே
சிமெண்டுச் சுவர்; நடுவில் ஓர் இரும்புத் தகடு,
கவட்டைபோல வெட்டியது.
ஓடை அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும்,
நான் அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும்:
தேதி, நேரம், மழை, உயரம், குறிப்பு.
மாதம் நாலாயிரம்.
அட்டை கடித்த காலுக்குத் தனிக்காசு கிடையாது.

பதினோரு வருடமாக
நான்கு கட்டங்களை நிரப்பியிருக்கிறேன்.
ஐந்தாவது வெள்ளையாகவே இருக்கிறது.

முதல் நோட்டில் மழை
மூன்று, ஏழு, நான்கு, இரண்டு என்று வரும்;
மார்ச்சிலும் ஓடை பதினெட்டு சென்டிமீட்டர்.
இந்த நோட்டில் இருபது நாள் பூஜ்யம்,
அப்புறம் ஒரே ராத்திரியில் நூற்றுப் பன்னிரண்டு.
வருடக் கணக்கைக் கூட்டினால்
ஏறக்குறைய பழைய தொகைதான்.
மொத்தச் சம்பளத்தையும் ஒரே நாளில் கொடுத்து
அன்றைக்கே பிடுங்கிக்கொண்டதுபோல.

எதிர்ச்சரிவு முழுக்கச் சீகை மரம்.
புல்மேடு என்கிறது பழைய வரைபடம்.
நான் பார்த்ததில்லை.
"பச்சையாத்தானே இருக்கு, என்ன குறை?"
காரை நிறுத்தி இறங்கியவர் கேட்டார்.
பச்சைக்கும் தாகம் எடுக்கும் சார் என்றேன்.
படம் எடுத்துக்கொண்டு போனார்.

போன வருடம் சூசைமாணிக்கம் ஆள் கூட்டி வந்து
இரண்டு ஹெக்டேர் வெட்டிச் சாய்த்தார்.
தண்ணீர் ஏறும் என்றார் எஞ்சினியரம்மா.
ஏறியது சேறு.
கவட்டை அடைத்துக்கொண்டது,
மண்வெட்டியால் தோண்டித்தான்
ஓடையைக் கண்டுபிடித்தேன்.
மூன்றாம் மாதம் வெட்டிய இடத்தில்
கேழ்வரகு விதைத்ததுபோலச் சீகைக் கன்று.
குனிந்து எண்ணினேன்,
ஒரு காலடிக்குள் நாற்பத்து மூன்று.
அதற்குக் கட்டம் இல்லை.

கீழே, நெய்க்காரப்பட்டி தாண்டி,
தங்கை அழகுநாச்சி.
அவள் கொல்லையிலிருந்து பார்த்தால் இந்த மலை தெரியும்.
"மேல மேகம் நிக்குதே, மழையா?"
மேகம்தான். சும்மா நிக்குது.

ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டார்கள்.
வெள்ளைப் புழுதி வந்தது.
வண்டிக்காரன் புழுதிக்கும்
அடிக்கணக்கில் பணம் வாங்கினான்.
பத்தொன்பது தென்னை மொட்டையாக நிற்கிறது;
சூளைக்காரன் வந்து பார்த்துவிட்டு
யோசித்துச் சொல்கிறேன் என்றானாம்.

"தண்ணிக்கணக்கு எழுதுறவன் நீ.
எவ்வளவுதான் வருது அங்க?"
பதினொன்று.
"பதினொன்னு என்ன?"
சென்டிமீட்டர்.
"குடத்துல சொல்லு."

குடத்தில் சொல்லவும் தெரியும் எனக்கு.
தகட்டுக்கு நாற்பது எட்டு மேலே
பாறை இடுக்கில் ஒரு கறுப்பு ஹோஸ், ஒன்றரை இஞ்ச்.
ராத்திரி ஊர் அடங்கிய பிறகு வாய் திறக்கும்,
கேரட்டுக்கு, பூண்டுக்கு,
பிளாஸ்டிக் விரித்த குழிக்கு.
விடிய ஐந்தரைக்கு மூடிக்கொள்ளும்.
ஆறு மணிக்கு அளவுகோல் பதினொன்று காட்டும்.
ஒன்பது மணிக்குப் போனால் பதினான்கு.
ஒன்பது மணிக்கு
யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை.

ஹோஸ் என்னுடையது.
இன்னும் ஆறு இருக்கிறது,
யார் யாருடையது என்றும் தெரியும்.

அறிக்கையில் போட்டிருக்கிறார்கள்:
பருவம் மாறியது, சீகை குடிக்கிறது, பைன் குடிக்கிறது.
எதுவும் பொய் இல்லை.
மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

இன்று எழுதி முடித்தும் கிளம்பவில்லை.
சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன்.
பனி விலகி, எதிர்ச்சரிவில் வெயில் இறங்கி,
தகட்டில் தண்ணீரின் சத்தம்
கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது.

பதினொன்றை அடிக்கவில்லை.
ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்:
ஒன்பது மணி, பதினான்கு.
நோட்டு நனைந்திருந்ததால் மை பரவி
நான்கு ஒன்பதுபோலத் தெரிகிறது.

எஞ்சினியரம்மா கேட்பார்.
கேரட் பிடுங்க
இன்னும் முப்பது நாள் இருக்கிறது.