மூன்று காய்ந்த நாள்

கடலுக்கு அந்தப் பக்கம்
புக்கிட் மெர்தாஜாம் குன்று தெளிவாகத் தெரிந்தால்
அன்றைக்கு மழை இல்லை.
ஜெலுத்தோங்கில் இது என் கணக்கு.
நான்கு முறை தப்பியிருக்கிறது.
வேறு கணக்கு தெரியாது.

கார் போர்ச்சில் ஒரு சதுர பிளாஸ்டிக்,
நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு
இரவு வேலைக்குப் போனேன்.
காலையில் யூனிஃபார்மோடு குந்தி உரித்தால்
அடியில் முத்து முத்தாக ஈரம்.
தரை இன்னும் மூச்சு விடுகிறது.
இன்றைக்கு இல்லை.

போன முறை இதையெல்லாம் யார் பார்த்தது?
தீபாவளிக்கு முதல் நாள்,
விடிந்தால் விருந்தாளிகள்,
நவநீதன் சீலர் டின்னைக் கவிழ்த்தான்.
கெட்டியாகப் பூசினால் கெட்டியாக நிற்கும் என்றான்.
ஒரு வாரம் மின்னியது, மழையில் நனைந்த பாறைபோல.
கேஸ் தோம்பு கொண்டுவந்த அஸ்மான் வழுக்கி
தோம்பைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.
பிறகு வெள்ளை.
முதலில் ஓரம். அவன் சிங்கப்பூர் போன மாதம் நடுவிலும்.
உள்ளே மாட்டிய ஈரம்
வெளியே வர வழியில்லாமல்
திரிந்த பால்போல் நின்றது
இரண்டு வருடம்.

ஹார்ட்வேர் கடை ஊய் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"சைலீன் போட்டுப் பழசைக் கரைச்சு எடு.
அப்புறம் மெல்லிசா ரெண்டு.
கெட்டியா ஒன்னு வேணாம்."
பாதி மலாய், பாதி கை ஜாடை.
நான் தமிழில் வாங்கிக்கொண்டேன்.

மூக்கில் துணி கட்டி
முட்டி போட்டுத் தேய்த்த வாரத்தில்தான் கண்டேன்:
இது கல் இல்லை, கல் மாதிரி.
ஒரே அச்சை ஆறு தடவை அழுத்தியிருக்கிறார்கள்.
ஒரு கல்லில் மீன்வால் கீறல்.
அதே மீன்வால் கேட் அருகே,
அதே மீன்வால் சாக்கடை மூடி ஓரம்,
செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினால் அங்கேயும்.
எட்டு வருடம் இதைக் கூட்டியிருக்கிறேன்.
ஆறு மீனையும் குறுக்கே வெட்டி ஓடுகிற
விரிசல் ஒன்று மட்டும்
யாரும் அச்சடிக்காதது.

பாசி போய்விட்டது.
அவன் மோட்டார் சொட்டிய எண்ணெய் போகவில்லை.
சோப்புத்தூள், பூனை மண்,
ஊய் கொடுத்த பெயரில்லாத நீலத் தண்ணீர்,
எதற்கும் அசையவில்லை.
"சீலர் அடிச்சா மறைஞ்சிடுமா?"
ஊய் சிரித்தார்.
"மறைக்காது. இன்னும் நல்லா காட்டும்."

வீடியோவில் நவநீதன்:
"ஏன் கஷ்டப்படுற, நான் வரும்போது பண்றேன்."
எப்போ?
"லீவு பாக்கணும்."
கேமராவைத் தரைக்குத் திருப்பினேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அது என் மோட்டார் கறையா?"
ஆமாம்.
"போகலையா?"
சைலீன் டின்னை மூடப் போகணும் என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் அடியில்
ஒன்றுமில்லை. விரலால் தடவிப் பார்த்தேன்,
சப்பாத்தி மாவு தூவிய பலகைபோல் வறண்டிருந்தது.
வழுக்காமல் இருக்கப் பொடி கலந்து,
வாசற்படியிலிருந்து கேட்டை நோக்கி
பின்னால் பின்னால் நகர்ந்து
ரோலரை இழுத்தேன். மெல்லிசாக.
வெயில் ஏறுவதற்குள் இரண்டாவது.

முடித்தபோது சாலையில் நிற்கிறேன்.
ஊய் சொன்னது சரி.
எண்ணெய்க் கறை நிறம் கூடி
ஒரு தீவுபோல் பளபளக்கிறது.
விரிசலும் அப்படித்தான்,
மீன்களைவிட அழகாக.

நாளைக் காலை வரை இதில் யாரும் கால் வைக்கக் கூடாது.
பை கேட்டில் தொங்குகிறது,
ஃபேக்டரி பஸ்ஸுக்கு இன்னும் ஆறு மணி நேரம்.
பின் சந்து வழியாக உள்ளே போகலாம்.
போகவில்லை.
எதிர்ப்பக்க நிழலில்,
சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்து,
கையில் ஒட்டியதை உரித்துக்கொண்டே
என் வீட்டைப் பார்க்கிறேன்.