கைநாட்டு

தாளில் என் பெயர் நான்காவது வரியில்.
மூன்றாவது வரியில் ஸ்ட்ராபெரி.
அது முன்னால் வந்ததில் வருத்தமில்லை,
அதற்காகத்தானே கூப்பிட்டார்கள்.

கெனித்ராவில் ஒரு கூடம், ஜனவரி.
நானூறு பெண்களுக்கு ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் அவர்கள் மேஜைக்கடியில்.
கையைக் காட்டச் சொன்னார்கள்.
திருப்பச் சொன்னார்கள்.
காய்ப்பு இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தவன்
மாட்டுக்குப் பல் பார்ப்பவனைவிட
மரியாதையாகத்தான் இருந்தான்.
பிறகு கேட்டான்: குழந்தை?
பதினாலுக்குள் இருக்கவேண்டும் என்றது அறிவிப்பு.
இல்யாஸ், பதிமூன்று என்றேன்.
பிறப்புச் சான்றை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

மபார்க்காவுக்குக் காய்ப்பு என்னைவிட அதிகம்.
பிள்ளை இல்லை.
அவளை இன்னொரு வரிசைக்கு அனுப்பினார்கள்.
அந்த வரிசை தெருவில் போய் முடிந்தது.

இவள் திரும்பி வருவாள் என்பதற்கு ஈடு
நகை அல்ல, நிலம் அல்ல,
காதுமடலில் அழுக்கோடு பந்து உதைக்கும் ஒரு பையன்.
அடகுக்கடைக்காரனாவது
எடை போட்டு ரசீது கொடுப்பான்.

மொகேரில்
வெள்ளை பிளாஸ்டிக்கின் கீழ் காலை ஏழுக்குக் குனிந்தால்
நிமிர இரண்டாகும்.
பழத்தைத் தொடக்கூடாது, காம்பைக் கிள்ளவேண்டும்.
நான் முதலில் கற்ற ஸ்பானியச் சொல் 'சீக்கிரம்',
என்கார்னா கற்றுக்கொடுத்தாள்.
இரண்டாவது 'நாளைக்கு'.
அது கூலி கேட்டபோது கற்றது.

மழை பெய்தால் வேலையில்லை, காசுமில்லை.
மார்ச்சில் ஒன்பது நாள் பெய்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோப்பு,
உதிர்ந்தது உதிர்ந்தபடி, பொறுக்க ஆளில்லை.
கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்
பதினொரு பேர்.
எங்கள் தாள்களில் ஆரஞ்சு இல்லை.

ஏப்ரலில் இல்யாஸ் போன் செய்தான்.
யார் பேசுவது என்று கேட்டுவிட்டேன்.
'நான்தாம்மா, குரல் உடைஞ்சிருச்சு.'
ஆபீஸிலிருந்து யாராவது கூப்பிட்டா
நீ எடுக்காதே என்றேன்.
சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூனில் கப்பலேற்றிவிட்டார்கள்.
திரும்பியாயிற்று என்று வந்து கைநாட்டினால்தான்
அடுத்த வருஷம் பெயர் இருக்கும்.
நாட்டினேன்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு நாட்டினேன். சிவப்பு.
மற்ற விரல்கள், இடது கை,
பின்னால் வரிசையில் நின்றவள் எச்சில் தொட்டுக்கொள் என்றாள்,
சிவப்பு.
இலையின் சுணையும் கழுவும் மருந்தும்
ரேகையைத் தின்றிருந்தன.
கையை நாட்டுவது என்கிறார்கள்,
முளைக்க ஏதாவது இருக்க வேண்டாமா அதில்.

'கணினிப்படி நீங்கள் இன்னும் ஸ்பெயினில்தான் இருக்கிறீர்கள்'
என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.
முகத்தைப் பாருங்கள் என்றேன்.
பார்த்தார், பாவம், நன்றாகவே பார்த்தார்.
முகத்துக்கு அங்கே கட்டம் இல்லை.
தோல் வளர்ந்ததும் வாருங்கள், என்றார்.
தப்பிப் போன ஒருத்தியைத் தேடுவதுபோல்
நானும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஹ்னியா, ஹ்னியா என்று சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தவன் என்னைவிட உயரம்.
பையை வாங்கிக்கொண்டு
கையைத் திருப்பிப் பார்த்தான்.
அந்தக் கூடத்து ஆள் பார்த்த அதே பக்கம்.
'இப்ப நீ எங்கே இருக்கே?'
மொகேரில்.
அந்தப் புதுக் குரலில் ரொம்ப நேரம் சிரித்தான்.

அக்டோபரில் அவனுக்குப் பதினான்கு.
இரவில் ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி
விரலுக்கு ஒரு சொட்டாகத் தேய்க்கிறேன்.
காலையில் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்க்கிறேன்.
வலது கட்டைவிரலில் இன்று ஒரு கோடு தெரிகிறது,
பாதி வரைக்கும்.

அவன் மேலுதட்டிலும்.