மூன்றாவது வாளி

செவ்வாய் தவறாமல் குளோதில்த் வருவாள்,
டிஜோன் மதுவாலையிலிருந்து
இரண்டு வாளி கஸிஸ் பழச் சக்கையோடு.
"பிழிய வேண்டியதைப் பிழிந்தாயிற்று,
இனி இதில் என்ன இருக்கிறது?" என்பாள்,
ஊதாக் கறைக் கையுறையைக் கழற்றாமலே.

அமிலம் சேர்ப்பதில்லை, தண்ணீர்தான்.
மைக்ரோவேவில் இருநூற்றிருபது டிகிரி,
ஐந்து நிமிடம்.
நேற்று நூற்றெண்பதில் நிறுத்தினேன்: சேறு.
போன வாரம் மூடி பிய்த்துக்கொண்டு
கூரையில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு;
துடைத்தும் போகவில்லை,
அப்படியே விட்டுவிட்டோம்.

இன்று குப்பியில்
நூற்றுக்கு இரண்டு பங்குதான் நானோசெல்லுலோஸ்.
மற்றதெல்லாம் நீர்.
கவிழ்த்துக் காட்டுகிறேன்.
விழவில்லை.

குளோதில்த் வாங்கிக் குலுக்குகிறாள்,
நகத்தால் சுண்டுகிறாள்,
தலைகீழாய்ப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.
வெளியே பனியில்
அணைக்காத அவள் லாரி உறுமுகிறது.

"கண்ணுக்கே தெரியாத நாரா
இத்தனை தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது?"
ஆமாம்.
எப்படி என்று மட்டும் கேட்காதே,
அதைத்தான் பத்து மாதமாக
எழுதி எழுதி அடிக்கிறேன்.

மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு,
"அடுத்த வாரம் மூன்று வாளி" என்றாள்.