சலவைக்கடைப் பறவை

வார்னாவிலிருந்து வந்த கப்பல்காரன் ஒருவன்
ஆறு போர்வைக்கான கூலிக்குப் பதிலாக
இதை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
கண்ணாடி வயிறு, உள்ளே சிவப்புத் திரவம்,
கம்பளித் தலை, அதன்மேல் நீலத் தொப்பி.
எதிரே ஒரு குவளை தண்ணீர் வை,
அதுபாட்டுக்குக் குனியும், குடிக்கும், நிமிரும் என்றான்.
சாவி வேண்டாமாம். மின்சாரம் வேண்டாமாம்.

குனியவில்லை.
மூன்றாம் நாள் அலகை நானே நீரில் அமுக்கினேன்.
மருந்துக்கு அடம்பிடிக்கும் பிள்ளைபோல
விறைத்து நின்றுகொண்டது.

வெளியே பதூமியில் பதினோராவது நாளாக மழை.
உள்ளே எட்டு இயந்திரங்கள், விடுதி விரிப்புகள், ஆவி.
சன்னலில் விரலால் என் பெயரை எழுதினால்
கடைசி எழுத்துக்குள் முதல் எழுத்து அழுதுவிடும்.

நுக்ஸார் வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
அழுக்கே இல்லாத சட்டைகளை
வாரம் மூன்று முறை துவைக்கக் கொண்டுவருவான்.
ஏழிலிருந்து ஒன்பதுவரை
எங்காவது உட்கார வேண்டும் அவனுக்கு.
நான் கேட்டதில்லை.

பறவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"தலை காய்ந்தால்தான் இதற்குத் தாகம்.
ஈரம் பறந்தால் தலை குளிரும்,
குளிர்ந்தால் வயிற்றிலிருப்பது கழுத்தில் ஏறும்,
ஏறினால் கவிழும்.
உன் கடைக் காற்றில் இடமே இல்லை, சியாலா.
இன்னொரு சொட்டு எங்கே போய் உட்காரும்?"

பிறகு கோட்டின் உள்பையிலிருந்து
சின்னப் புட்டி ஒன்றை எடுத்தான். சாச்சா.
முத்திரை உடையவில்லை. ஆனால்
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
மூடியில் எழுத்தே இல்லை.

உடைத்தான்.
நான் மடித்துக்கொண்டிருந்த விரிப்பு
பாதியில் நின்றது.

தண்ணீரைத் தொட்டியில் கொட்டினான்.
குவளையில் இதை ஊற்றினான்.
ஒரு விரலால் பறவையின் தலையில் தடவினான்,
அந்த விரலை உடனே சட்டையில் துடைத்தான்.
இன்னொரு முறையும் துடைத்தான்.

முதலில் ஒரு நடுக்கம்.
கழுத்துக்குள் சிவப்பு மெல்ல ஏறியது.
தண்ணீருக்கு அசையாதது
தண்ணிக்கு அசைந்தது.
குனிந்தது, நனைந்தது, நிமிர்ந்தது,
யோசிப்பதுபோல் ஆடியது, திரும்பக் குனிந்தது.

ஒன்பது மணிக்கு "நாற்பத்தேழு" என்றான்.
எண்ணியிருக்கிறான்.
"என்னைவிட மோசம்" என்று சிரித்தான்.
கதவருகே போய்த் திரும்பினான்.
"விழுங்குவதே இல்லை, கவனித்தாயா?
அலகை நனைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்."

புட்டியை எடுத்துப் போகவில்லை.
சோப்புத்தூளுக்கும் கஞ்சிப்பொடிக்கும் நடுவில் இருக்கிறது.

வியாழக்கிழமை வெயில் அடித்தது.
இரண்டு கதவையும் திறந்துபோட்டேன்,
பறவைக்கு வெறும் தண்ணீரே போதுமாயிருந்தது.

ஏழு மணிக்கு வந்தான்,
அழுக்கே இல்லாத சட்டைகளோடு.