தையல்நாயகி வீட்டில் டெமோ

"எனக்குப் பேச வராதுங்க" என்றாள் தையல்நாயகி,
எட்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசிவிட்டு.
நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது.
என் தொழிலுக்கு அதைவிட நல்ல இடமில்லை.
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்
எங்கே எழுந்து போவாள்?

பேச வேண்டாம்க்கா, டப்பா பேசும்.
கூடத்தை மட்டும் கொடுங்க, ஒரு மணி நேரம்.
எட்டுப் பேரைக் கூப்பிடுங்க.
டீக்குப் பால் நான் வாங்கிட்டு வர்றேன்.
வீடு கொடுத்தவங்களுக்கு இலவசமா
இட்லித் தட்டுக்கு ஒரு மூடி.
"இட்லித் தட்டுக்கு எதுக்கு மூடி?"
பயிற்சிப் புத்தகத்தில்
அந்தக் கேள்வி இல்லை.

தஞ்சாவூர் ஓட்டல் மாடியில் ஏசி போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்:
வேண்டாம் என்பது பதிலல்ல, தயக்கம்;
தயக்கம் ஒரு கதவு.
வலங்கைமானிலிருந்து கோவில்வெண்ணி வரை
நானும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.
சில கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு.
பலவற்றின் பின்னால் மாமியார்.
மாதக் கடைசிக்குள் மூன்று பேரைச் சேர்த்தால்
நான் மேனேஜர்.
இதுவரை சேர்ந்தது ஒருத்தி,
அவளும் என் சித்தி மகள்.

நாற்றுப் பறி முடிகிற புதன்கிழமை வா என்றாள்.
கேட் சீக்கிரம் திறந்திருந்தால்
அதையும் சொல்லியிருக்க மாட்டாள்.

எட்டுப் பேர் சொல்லிப் பதினொரு பேர் வந்தார்கள்,
"சும்மா பாக்கத்தான்" என்று
வாசலிலேயே சொல்லிக்கொண்டு.
டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடி,
தலைகீழாகப் பிடித்தேன்.
ஒரு சொட்டு விழவில்லை.
"கர்நாடகாக்காரன் இந்த மூடியத்தான் வாங்கிப் போட்டிருக்கான்"
என்றாள் மாரிக்கண்ணு.
கூடமே சிரித்து உருண்டது.
ஆர்டர் நோட்டில் தேதி மட்டும் எழுதியிருந்தேன்.

தையல்நாயகி எழுந்து உள்ளே போனாள்.
வரும்போது கையில் பழைய டப்பா ஒன்று,
எங்கள் கம்பெனிதான்,
மன்னார்குடி நாத்தனார் மூன்று வருஷத்துக்கு முன்
தலையில் கட்டியது.

"இதுல ஒரு காது ஆறு மாசத்துல போயிருச்சு.
மாவு வைக்காதீங்க, பொங்கித் தள்ளிரும்.
புளி வைங்க. கறை போகாது, பூச்சியும் வராது.
பெரிய சைஸ் வாங்காதீங்க,
எதையாவது போட்டு வச்சு மறந்துருவோம்.
சின்னதுல ரெண்டு போதும்."

என் வயிற்றில் அந்தப் புளி கரைந்தது.

மாரிக்கண்ணு சின்னதில் இரண்டு கேட்டாள்.
பக்கத்தில் இருந்தவளும்.
சுவரோரம் பிள்ளையை மடியில் போட்டிருந்தவள்
ஒன்று போதும் என்றாள், அப்புறம் இரண்டு என்றாள்.
ஏழு பேர்.
இரண்டு வருஷத்தில் ஒரு கூடத்தில்
எனக்கு ஏழு பேர் வாங்கியதில்லை.

பேச வராதவள்!

எல்லோரும் போனதும் பாரத்தை நீட்டினேன், பேனாவை மேலே வைத்து.
நீங்க சேந்தா மாசம் ஐயாயிரம் நிக்கும்க்கா.
"நிக்கும். ரேஷன் கடையில
இவளுகளும் நிப்பாளுக,
எனக்கு முன்னாடி நாலு பேரு, பின்னாடி நாலு பேரு.
இன்னிக்கு உள்ளதச் சொன்னேன், வாங்குனாளுக.
நாளைக்குக் கமிஷன் வாங்கிட்டு இதையே சொன்னா
நம்புவாளுகளா?
மொதல்ல நான் நம்புவேனா?"

டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:
"ஒன் கட்டிலுக்கு அடியில எத்தனை கெடக்கு?"

அதற்கு மட்டும் புத்தகத்தில் பதில் உண்டு.
அது ஸ்டாக் இல்லை, முதலீடு.
வாய்வரை வந்துவிட்டது.
"முப்பத்தாறு" என்றேன்.
வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத கணக்கு.

ஐயோ பாவம் என்று அவள் சொல்லவில்லை.
பாரத்தை மடித்து என் பையில் செருகினாள்.
மீந்த வாழைக்காய் பஜ்ஜியைப் பேப்பரில் சுற்றிக்
கையில் கொடுத்தாள்.
"டப்பாவுல வச்சா நமுத்துரும்."

திரும்புகையில் கேட் மூடியிருந்தது.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி
நின்று நின்று நகர்ந்தது.
பக்கத்து சீட்டுக்காரி என் பையை எட்டிப் பார்த்தாள்.
"என்னக்கா, டப்பாவா?"
"பஜ்ஜி" என்றேன். "எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டாள்.
எந்த ஊர் என்று கேட்டாள்.
மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள்.
கேட் திறக்கிற வழியாக இல்லை.