குச்சிக் கணக்கு

ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
பல்லுக்கிடையில் செருகித்
தாடையைத் திறந்து பழகச் சொன்னார்கள்,
முதல் ஆபரேஷனுக்கும்
முப்பத்துமூன்று நாள் கரண்டுக்கும் பிறகு.
ஐந்தில் தொடங்கிப் பதினான்கு வரை போனேன்.
கொளப்பள்ளி முக்குக் கடையில்
குச்சிக்குக் காசு வாங்குவதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை பன்னிரண்டுதான் நுழைந்தது.
குளிர் என்று நினைத்தேன்.
மறு வாரம் ஒன்பது.
குச்சிதான் பருத்துவிட்டதோ என்று
வேறு கட்டு வாங்கிப் பார்த்தேன்.
ஆறு.

விடியுமுன் பஸ். தேவாலாவுக்கு இந்தப் பக்கம்
யானை.
டிரைவர் விளக்கை அணைத்தார்.
நாற்பது பேரும் வாயைப் பொத்தி உட்கார்ந்தோம்.
எனக்கு அது புதிதில்லை.
அது தன் பாட்டுக்கு மூங்கிலை வளைத்து
அவசரமில்லாமல்
முழுத் தாடையாலும் மென்றது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோயமுத்தூரில் டாக்டரம்மா
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"திரும்பி வந்திருக்கும்மா."

எங்கள் தகரப் பெட்டியில் இருக்கும்
குடும்பக் கார்டிலும் அந்தச் சொல்தான்.
தாயகம் திரும்பியோர், நபர் ஐந்து,
கடைசி வரியில் தெய்வானை, வயது பதினொன்று.
அட்டனில் பிறந்தவள்
பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவாள் என்று
மண்டபம் முகாமில் யாரும் கேட்கவில்லை.
இது அப்படியில்லை.
இதற்கு வழி தெரியும், வீடு தெரியும்.
மழைக்குள் கொழுந்து எடுக்கிற நாளெல்லாம்
வெற்றிலையும் புகையிலையும் அதக்கி அதக்கி
நானே பாய் விரித்துக் கொடுத்த இடம்.

அதே இடத்தில் மறுபடி கரண்டு வைத்தால் தாங்காது என்றார்.
மாத்திரையில் நாளைத் தள்ளலாம்.
அல்லது பாதித் தாடையை எடுத்துவிட்டுக்
காலிலிருந்து ஒரு எலும்பை அறுத்து
அங்கே பொருத்தலாம்.
"நடக்க முடியுமா?"
"அந்தச் சின்ன எலும்பு இல்லாமலே ஆள் நடக்கும்."
"சரியாயிடுமா?"
பேனாவை மூடினார். திறந்தார்.
"சில பேருக்கு."

சன்னாசி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.
திரும்பி வந்து, டாக்டரைப் பார்க்காமல்,
"மாத்திரைன்னா வீட்டோட இருக்கலாம்ல" என்றார்.
அவர் சட்டைப் பையில்
திரும்பிப் போகும் பஸ்ஸுக்குச் சில்லறை
எண்ணி முடிந்து வைத்திருந்தது.

சேலையை ஒதுக்கி இடது காலைத் தடவினேன்.
முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம்,
அட்டைக்கடித் தழும்புகளுக்கு உள்ளே
அது பேசாமல் இருந்தது.
முப்பத்தாறு வருஷம்
ரெண்டாம் நம்பர்க் காட்டுச் சரிவில்
இருபத்தைந்து கிலோ பச்சைக் கொழுந்தோடு ஏறிய எலும்பு.
அதற்கென்று ஒரு நாளும் தனிப்பேர் போட்டதில்லை.
இனி உட்கார்ந்த இடத்தில்
சோறு மெல்லட்டும்.
மெல்ல வராவிட்டால்
கஞ்சியைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்.

"அறுங்க" என்றேன்.
சன்னாசிக்குப் புரியவில்லை. டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

சம்மதத் தாளில் நர்ஸ் எழுதினாள்.
பெயர். வயது. ஊர்.
கொளப்பள்ளி.
"அது இப்ப இருக்கிறது. சொந்த ஊர்?"

ஆறு குச்சி அகலத்தில்
அந்தப் பேர் முழுசாக வெளியே வராது.
வந்த மட்டும்
மறுபடி அதையே சொன்னேன்.
எழுதிக்கொண்டாள்.