மூன்றாவது மடிப்பு

கிப்தோவில் மழை நின்றால்தான்
ஜனங்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள்,
என்னவோ ஆகிவிட்டதென்று.

என் பழைய கேமராவைக் கொன்றது மழை இல்லை.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
நல்ல பைதான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.
போனதெல்லாம் என் ஈரக் கையும்
அன்றைய காற்றும்.
இழுத்துப் பூட்டி மூன்று வாரம் மறந்துவிட்டேன்.
திறந்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை
வெள்ளை வெளேரென்று
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

ஆகவே எவரிஸ்தோவின் கடையில்
இன்று நான் அவசரப்படுவதாக இல்லை.
படகுத்துறைக்கு எதிரே, தகரக் கூரை.
மழைச் சத்தத்தில் விலையைக் கத்தித்தான் சொல்லவேண்டும்;
ரகசியப் பேரம் இந்தத் தெருவில் கிடையாது.

கறுப்புப் பையை எடுத்து வைத்தார்.
அழகு. பத்து அறைகள்.
“மழை தாங்கும்.”
“எந்த மழை?”
சிரித்தார்.
தைத்த இடமெல்லாம் ஊசி போன துளை.
ஊசி போன வழியே தண்ணீரும் போகும்,
அதற்கு நூல்கூட வேண்டாம்.
மேலுறை ஒன்று தனியாக உண்டு:
காற்றடித்தால் எனக்கு முன்னால்
அது ஆற்றைக் கடந்துவிடும்.

அடுத்தது சாம்பல் நிறப் பெட்டி.
ரப்பர் விளிம்பு, இரண்டு தாழ்ப்பாள்,
லாரி ஏறினாலும் அசையாது.
ஆனால் விலை உயர்ந்தது என்னுள்ளே இருக்கிறதென்று
துறைக்குத் துறை தண்டோரா போடும் பெட்டி அது.

கடைசியாக மஞ்சள் உருளை.
தையலே இல்லை, சூட்டில் ஒட்டியது.
வாயை மூன்று முறை மடித்துக் கொக்கி மாட்டவேண்டும்.
இரண்டு போதாதா என்றேன்.
“இரண்டு மழைக்கு. மூன்றாவது அத்ராத்தோவுக்கு.”

பழைய செய்தித்தாளை உள்ளே சுருட்டிப் போட்டு
தொட்டியில் அமுக்கினார்.
அமுங்க மறுத்தது.
குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதுபோல்
தோள் வரை நனைந்தார் மனிதர்.
பிரித்தால் தாள் மொறுமொறுவென்றிருந்தது;
போன வருடத்துக் கால்பந்துத் தோல்விகூட
எழுத்துக் கலையாமல்.

“பை மிதக்கும் சுலேமா. நீ?”
“எனக்கு நீச்சல் தெரியும்.
கேமராவுக்குத்தான் தெரியாது.”

மறுநாள் பெத்தேவுக்குப் பயணம்.
பள்ளியில் இறுதி வகுப்பு, பதினேழு பேர்,
ஆளுக்கொரு படம்.
தெலியோவின் படகு பாதி வழியில் இருக்க
வானம் பொத்துக்கொண்டது.

எதிரே இருந்த பெண் காது மெஷினைக் கழற்றி
கைக்குட்டையில் முடிந்து நீட்டினாள்.
“இதற்கு மட்டும் இடம் இருக்குமா?”
இருந்தது.
அப்புறம் இரண்டு செல்போன்.
நிலத் தகராறு ஒன்றின் தாள்கட்டு.
நர்ஸின் தடுப்பூசிப் பதிவேடு.
ஒரு கிழவரின் ஒற்றைக் காலுறை,
ஏனென்று நான் கேட்கவில்லை.
அடுப்பிலிருந்து இறங்கிய சூடு ஆறாத ரொட்டி ஆறு.

பிதுங்கியது. இரண்டு மடிப்புக்குமேல் வரவில்லை.
ஆறோ பக்கத்துப் பலகையைத் தாண்டித் தாண்டி
எட்டிப் பார்க்கிறது.

கேமராவை வெளியே எடுத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று. கொக்கி.

கேமராவுக்கு ஒரு லாட்ஜில் சுட்ட குளியல் தொப்பி மாட்டி
சட்டைக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டு
குனிந்தே போனேன் பெத்தே வரைக்கும்.

கரையில் பையைத் திறந்து
அவரவருடையதை அவரவரிடம் கொடுத்தேன்.
பதிவேட்டின் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது.
ரொட்டி மட்டும் தன் ஆவியிலேயே வேர்த்து
நமுத்துப் போயிருந்தது.
ரொட்டிக்காரர் பார்த்தார். நான் பதறினேன்:
“சத்தியமாக மழை உள்ளே வரவில்லை.”
“தெரியும்,” என்றார்,
“இது ரொட்டி பெய்த மழை.”

ராத்திரி பையின் வாயைத் திறந்து
தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன்.
ரொட்டி வாசம் போகவில்லை.
பதினேழு படங்களில் ஒன்றில்
லென்ஸில் ஒரு துளி;
அந்தப் பையனுக்கு மட்டும்
பாதி முகம் ஆற்றுக்குள் இருக்கிறது.
அதுதான் வேண்டும் என்கிறான்.